பன்னிரண்டு படுக்கையும் ஒரு பதில் அஞ்சலட்டையும்: அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் மக்கள் பணம் செய்த வேலை

கோயில் பிராகாரத்து டியூப்லைட்டில் உபயதாரரின் பெயர், ஊர், தொழில் எல்லாவற்றையும் எழுதி, கடைசியில் வெளிச்சம் வெளியே வர இடமில்லாமல் செய்துவிடும் வழக்கத்தைப் பார்த்துச் சிரிக்காதவர் நம்மில் குறைவு. மருத்துவமனைக்குக் கொடுக்கும்போதும் அதே கைதான் கொடுக்கிறது. சக்கர நாற்காலியின் முதுகில் ஒரு பெயர், குடிநீர் இயந்திரத்தின் நெற்றியில் ஒரு பெயர், புதிய பிரிவின் வாசலில் கருங்கல்லில் பொறித்த ஒரு பெயர். கொடுத்தவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்தப் பணம் நோயாளியின் உடம்பில் போய் என்ன செய்தது என்ற கேள்வியை நாம் அரிதாகவே கேட்கிறோம் என்பதுதான் இந்த ஆய்வுக்குக் காரணம். நன்கொடை வந்தது, கட்டடம் எழுந்தது என்பதோடு கணக்கு முடிந்துவிடுவதில்லை. கட்டடத்துக்குள் படுத்தவர் எத்தனை நாளில் சிகிச்சை பெற்றார், பாதியில் ஊர் திரும்பாமல் முடித்தாரா, ஐந்து ஆண்டு கழித்து உயிரோடு இருக்கிறாரா என்பவை வேறு கணக்குகள்.

இதற்கு எடுத்துக்கொண்ட நிகழ்வு சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. அங்கு மக்கள் பணம் அரசு பணத்துக்கு முன்னால் வந்தது. எழுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாற்றில் அந்தப் பணம் எங்கே நன்றாக வேலை செய்தது, எங்கே திணறியது என்பதைப் பிரித்துப் பார்க்கவும் இந்த நிறுவனத்தில் முடிகிறது.

நிதி முதலில், மருத்துவமனை பிறகு

1920-களின் தொடக்கத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். மலக்குடலில் வந்த நோய். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912-ல் பட்டம் பெற்ற மருத்துவரான அவரே பக்கத்தில் இருந்தும் செய்வதற்கு அதிகம் இல்லாத காலம் அது. 1925-ல் உயர் பயிற்சிக்காக லண்டன் சென்றபோது புற்றுநோய்க்கென்றே தனி மருத்துவமனை இயங்குவதைக் கண்டார். ஊர் திரும்பிய பிறகு சட்ட மேலவையின் துணைத் தலைவர் பொறுப்பு, தேவதாசி ஒழிப்புப் போராட்டம், அவ்வை இல்லம் என்று வாழ்க்கை வேறு பக்கங்களில் இழுத்தாலும் அந்த எண்ணம் மறையவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு கண்ட 1935-ல் அதை வெளிப்படையாகவே சொன்னார்.

சொன்னது 1935-ல், கதவு திறந்தது 1954-ல். இடைப்பட்ட பத்தொன்பது ஆண்டுகளின் தடைகளில் ஒன்று மனப்பாங்கு. புற்றுநோய் வந்தால் சாவுதானே, சாகிறவர்களுக்கு எதற்குத் தனி மருத்துவமனை என்ற பொருளில் அந்நாளைய அமைச்சர் ஒருவரே கேட்டதாக, இதே மருத்துவமனையின் தலைவராகப் பின்னாளில் இருந்த டாக்டர் வி. சாந்தா பிற்காலத்தில் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். அன்றைய சென்னையில் கதிர்வீச்சு மருத்துவம் அடியோடு இல்லாமலில்லை. அரசு பொது மருத்துவமனையில் பர்னார்டு கதிரியல் நிலையம் இயங்கிவந்தது. ஆயினும் காலரா, காசநோய், பிரசவ மரணம் ஆகியவை வரிசையில் முன்னால் நின்ற நாட்டில், குணமாகாது என்று முடிவுகட்டப்பட்ட நோய்க்கு அரசு வரவு செலவுத் திட்டத்தில் தனி இடம் கிடைப்பது எளிதாக இல்லை. அன்றைய கணக்கை வைத்துப் பார்த்தால் அந்த அமைச்சரின் கேள்வியை முழு மூடத்தனம் என்றும் சொல்லிவிட முடியாது. அரசு எப்போதும் சராசரியைப் பார்த்துச் செலவிடுகிறது. சராசரிக்கு வெளியே நிற்கும் நோயாளிக்காகச் செலவிட வேறொரு கை வேண்டியிருக்கிறது.

அந்தக் கை 1949-ல் நீண்டது. 1917-ல் அடையாற்றில் தொடங்கப்பட்ட இந்திய மாதர் சங்கத்தின் கீழ் புற்றுநோய் நிவாரண நிதி ஒன்று அமைக்கப்பட்டது. மருத்துவமனை கட்டிவிட்டுப் பணம் கேட்பது நம் வழக்கம். இங்கே முதலில் நிதி திரண்டது. 1952 அக்டோபரில் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று மருத்துவமனை இயங்கத் தொடங்கியபோது இருந்தவை 12 படுக்கைகள். குடிசைபோன்ற எளிய கட்டடம், சொற்ப உபகரணங்கள், பக்கத்தில் பக்கிங்காம் கால்வாய். முத்துலட்சுமியின் மகன் டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தி மருத்துவப் பொறுப்பை ஏற்றார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் சாந்தா வந்து சேர்ந்தார்.

இருநூறு ரூபாய்

சாந்தா வந்து சேர்ந்த விதத்தில் நம் கேள்விக்கு ஒரு விடை இருக்கிறது. மகப்பேறு மருத்துவத்தில் எம்.டி. முடித்திருந்த அவர் அரசுப் பணியாளர் தேர்வாணையத்தால் எழும்பூர் மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனைக்குத் தேர்வாகியிருந்தார். நிலையான ஊதியமும் ஓய்வூதியமும் மதிப்பும் உள்ள அந்த வேலையை விட்டுவிட்டு, இரண்டே மருத்துவர் கொண்ட பன்னிரண்டு படுக்கை இடத்துக்கு வந்தார். முதல் மூன்று ஆண்டுகள் ஊதியமில்லாப் பணி. அதன்பிறகு மாதம் 200 ரூபாயும் வளாகத்திலேயே தங்க இடமும் கொடுக்கப்பட்டன.

அந்த 200 ரூபாயை நன்கொடைக் கணக்கின் மிகச் சிறந்த முதலீடாக நான் கருதுகிறேன். அரசு மருத்துவமனையில் மருத்துவர் இடமாற்றத்துக்கு உட்பட்டவர். மூன்றாண்டில் வேறு ஊர், வேறு துறை என்று போய்விடுவார். காய்ச்சலுக்கோ எலும்பு முறிவுக்கோ இது பெரிய இழப்பன்று. புற்றுநோயில் அப்படியில்லை. இன்று அறுவை செய்த நோயாளிக்குச் சரியான சிகிச்சை கொடுத்தோமா என்பது ஐந்து ஆண்டு கழித்துத்தான் தெரியும். அந்த விடை வரும்போது கேள்வி கேட்டவர் அங்கேயே இருக்க வேண்டும். கிருஷ்ணமூர்த்தி 2010-ல் காலமாகும்வரையிலும் சாந்தா 2021 ஜனவரியில் காலமாகும்வரையிலும் அந்த நிறுவனத்தோடேயே இருந்தார்கள். ஒரே நோயாளிக் கூட்டத்தை ஒரே கண்கள் அரை நூற்றாண்டு பார்த்த வாய்ப்பு உலகிலேயே மிகச் சில இடங்களுக்குத்தான் வாய்த்திருக்கும். அதை எந்தக் கல்வெட்டிலும் பொறிக்க முடியாது என்பதால் நன்கொடைக் கணக்கில் நாம் சேர்ப்பதில்லை.

பாதிப் பாதியாகத் தேயும் கொடை

இந்தியாவின் முதல் கோபால்ட்-60 கதிர்வீச்சு இயந்திரம் 1957-ல் அடையாற்றில் நிறுவப்பட்டது. கனடாவில் உருவானது. உலகில் முதன்முதலாக இவ்வகை இயந்திரத்தால் நோயாளிக்குச் சிகிச்சை அளித்தது 1951-ல், அதே கனடாவில். ஆறே ஆண்டில் அது ஒரு தொண்டு மருத்துவமனைக்கு வந்துவிட்டது. முந்தைய எக்ஸ்-கதிர் இயந்திரங்கள் ஆழத்தில் இருக்கும் கட்டியை எட்டுவதற்குள் மேல்தோலைப் பொசுக்கிவிடும். கோபால்ட்டின் கதிர் தோலுக்குக் கீழே போய் வலுப்பெறும் தன்மையுடையது. அன்றைய தமிழகப் பெண்களிடம் மிகுதியாகக் காணப்பட்ட கருப்பைவாய்ப் புற்றுநோய், பெரும்பாலும் முற்றிய நிலையிலேயே மருத்துவமனைக்கு வரும். கத்தி வைக்க முடியாத அந்த நிலையில் கதிர்வீச்சுதான் கதி. ஆகவே அந்த ஓர் இயந்திரம் எத்தனையோ குடும்பங்களில் தாயின் ஆயுளைக் கூட்டியது என்று சொல்வது மிகையாகாது.

ஆனால் இந்த இயந்திரத்தை நன்கொடையாளர்களுக்கான பாடமாகவே நிறுத்திவைத்துக் காட்டலாம். கோபால்ட்-60-இன் அரை ஆயுள், அதாவது அதன் வலு பாதியாகத் தேய எடுக்கும் காலம், 5.27 ஆண்டுகள். மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு விழுக்காடு வலு குறைந்துகொண்டே போகும். புதிதாக வந்த நாளில் இரண்டு நிமிடத்தில் கொடுத்த அளவைக் கொடுக்க, ஐந்தேகால் ஆண்டு கழித்து நான்கு நிமிடம் ஆகும். இயந்திரம் வெளியே பார்க்க அதேபோல்தான் இருக்கும்; பெயர்ப்பலகை ஒட்டியிருந்தால் அதுவும் பளபளவென்றே இருக்கும். ஆனால் காலையில் வரிசையில் உட்கார்ந்த நோயாளிகளில் கடைசியில் இருப்பவரின் முறை மாலையில் வராது, மறுநாளைக்குப் போகும். அவருடைய நோய் மறுநாள்வரை காத்திருக்கச் சம்மதித்தாக வேண்டும். கதிர்மூலத்தைச் சில ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மாற்றுவதற்குப் பணம் வேண்டும். அந்தப் பணத்தைக் கொடுப்பவருக்குத் திறப்பு விழா கிடையாது, ஏனென்றால் இயந்திரம் ஏற்கெனவே திறக்கப்பட்டுவிட்டது. இயந்திரத்தைச் சுற்றிக் கதிர் வெளியேறாதபடி கட்ட வேண்டிய கனத்த கான்கிரீட் சுவர், அளவு கணக்கிடும் இயற்பியலாளர், இயந்திரத்தை இயக்குபவர், மின்சாரம் ஆகியவையும் அப்படியே. கொடையாக வரும் இயந்திரம் எதுவும் தனியாக வருவதில்லை. அதன் பின்னால் ஒரு சம்பளப் பட்டியலும் வருகிறது.

இந்த இடத்தில் ஒரு பழைய கல்வெட்டை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், 11-ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் இயங்கிய ஆதுலர் சாலையை, அதாவது மருத்துவமனையை, பற்றிய கல்வெட்டு அது. 15 படுக்கை. அடையாறு தொடங்கியதைவிட மூன்று கூடுதல். அந்தக் கல்வெட்டு கட்டடத்தைப் புகழ்வதோடு நிற்கவில்லை. வைத்தியருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும் என்று தொடங்கி, சல்லியக்கிரியை (அறுவை) செய்பவர், மருந்துக்கு வேரும் பச்சிலையும் கொண்டுவருபவர்கள், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள், நாவிதர், தண்ணீர் எடுப்பவர் என ஒவ்வொருவருக்கும் படியளந்திருக்கிறது. இரவில் எரிய வேண்டிய விளக்குக்கும் ஒதுக்கீடு இருக்கிறது. கொடுத்தவர் பெயர் கல்லில் நின்றது உண்மைதான். கூடவே தண்ணீர் எடுப்பவரின் கூலியும் அதே கல்லில் நின்றது. இன்றைய நம் பளிங்குக் கல்லில் இரண்டாவது பகுதியைக் காணவில்லை.

ஆறு வாரமும் இரண்டரை ஆண்டும்

சிகிச்சையின் தரத்தை மருந்தாலும் இயந்திரத்தாலும் மட்டும் அளக்கும்போது ஒன்று கண்ணில் படாமல் போகிறது. கதிர்வீச்சு என்பது வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஐந்தாறு வாரங்களுக்கு நீள்வது. ஒவ்வொரு நாளும் படுக்கையில் கிடப்பது சில நிமிடம்தான். ஆனால் அந்தச் சில நிமிடத்துக்காக விழுப்புரத்திலிருந்தோ நெல்லூரிலிருந்தோ வந்தவர் ஒன்றரை மாதம் சென்னையில் இருந்தாக வேண்டும். கூடவே ஒருவர் துணைக்கு இருக்க வேண்டும். இருவருக்கும் கூலி போயிற்று. வீட்டில் ஆடு மாட்டைப் பார்க்க ஆளில்லை. அறுவடை நேரம் வந்தால் கட்டி கரைந்ததோ இல்லையோ, மூன்றாம் வாரத்தில் மூட்டையைக் கட்டிவிடுவார்கள். பாதியில் விட்ட கதிர்வீச்சு, தொடங்காத கதிர்வீச்சைவிடப் பெரிதாக ஒன்றும் உதவாது.

குழந்தைகள் விஷயத்தில் இது இன்னும் கடுமை. 1960-ல் அடையாற்றில் குழந்தைகளுக்கான புற்றுநோய்ப் பிரிவு தொடங்கப்பட்டது. நாட்டில் அதுவே முதல். குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயில் முதன்மையான வகைக்குச் சிகிச்சை இரண்டு, இரண்டரை ஆண்டு நீளும். முதல் மாதத்திலேயே ரத்தத்தில் நோயணுக்கள் மறைந்து குழந்தை ஓடியாடத் தொடங்கிவிடும். பெற்றோர் கண்ணுக்குக் குணமாகிவிட்டது. இனியும் எதற்கு மாதாமாதம் பேருந்து ஏறி வந்து ஊசி போட்டு, முடி கொட்டி, வாயெல்லாம் புண்ணாக வேண்டும் என்று ஒரு பாட்டி கேட்டால் அதில் அநியாயம் எதுவும் இல்லை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பணிந்து நிறுத்திவிட்டால் நோய் திரும்பும்; திரும்பும் நோய் முதல் நோயைப்போல் மருந்துக்கு மசியாது.

1984-ல் இந்தச் சிகிச்சைக்கு எளிமையாக வகுக்கப்பட்ட எம்.சி.பி. 841 என்ற முறை அடையாறு, மும்பை டாடா நினைவு மருத்துவமனை, டெல்லி எய்ம்ஸ் ஆகிய மூன்று இடங்களில் கைக்கொள்ளப்பட்டது. அதற்கு முன் ஐந்தில் ஒரு குழந்தை பிழைத்தாலே பெரிது என்றிருந்த நிலை மாறி, நான்கு ஆண்டு கழித்தும் நோயின்றி இருந்த குழந்தைகளின் அளவு அந்த மூன்று மையங்களில் 41 முதல் 60 விழுக்காடுவரை உயர்ந்தது. மருந்துகள் பெரும்பாலும் பழையவையே. அவற்றைத் தொடுத்த விதம் மாறியது. அந்த விதத்தைத் தாங்கிக்கொள்ள மருத்துவமனையில் வேறு சில ஏற்பாடுகளும் வேண்டியிருந்தன. தீவிர மருந்தால் வெள்ளணு சரியும்போது தொற்றுக்கு உடனடி நுண்ணுயிர்க்கொல்லி. ரத்தம் உறைய உதவும் தட்டணு சரியும்போது ரத்தம். குழந்தைக்கும் தாய்க்கும் தங்கும் இடம். மறுமுறை வந்து போக வழிச்செலவு. சாந்தாவும் நிறுவனமும் புற்றுநோய் மருந்துகளுக்கு வரி விலக்கும் நோயாளிகளுக்குப் பேருந்து, ரயில் கட்டணச் சலுகையும் கேட்டு அரசிடம் தொடர்ந்து வாதாடியதன் பின்னணி இதுதான். சலுகைச் சீட்டு மருத்துவச் செய்தியாகத் தோன்றாது. ஆனால் சிகிச்சையை முடித்த குழந்தைக்கும் பாதியில் விட்ட குழந்தைக்கும் இடையே பல நேரம் அந்தச் சீட்டு மட்டுமே நிற்கிறது.

மக்கள் கொடுத்த பணத்தின் பயன் இங்கேதான் எனக்கு மிகத் தெளிவாகப் படுகிறது. அரசு மானியம் தலைப்பு வாரியாக வருகிறது: மருந்துக்கு இவ்வளவு, உபகரணத்துக்கு இவ்வளவு என்று. தாய்க்குச் சாப்பாடு எந்தத் தலைப்பில் எழுதுவது? பிறந்தநாளுக்கும் அப்பாவின் திதிக்கும் திருமண நாளுக்கும் ஒருவேளை உணவுக்குப் பணம் கட்டும் நம் வழக்கம், தான் செய்வது அன்னதானம் என்று நினைத்துக்கொண்டு, உண்மையில் சிகிச்சை முடிப்பு விகிதத்தை உயர்த்துகிறது. கொடுப்பவருக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் ஒருவேளை இன்னும் கொஞ்சம் கொடுத்திருப்பார்.

ரத்தமும் இந்தக் கணக்கில் சேரும். தட்டணுக்கள் ஐந்து நாளுக்கு மேல் தாங்காது. ஆண்டுக்கு ஒருமுறை தலைவர் பிறந்தநாளில் ஐந்நூறு பேர் வரிசையில் நின்று கொடுத்தால் புகைப்படம் நன்றாக வரும். அடுத்த வாரம் பிரிவில் மூக்கிலிருந்து ரத்தம் நிற்காமல் கிடக்கும் குழந்தைக்கு அதில் எதுவும் மிச்சமிருக்காது. வாரம் பத்துப்பேர் வீதம் ஆண்டு முழுவதும் வருவதே அந்தப் பிரிவுக்கு வேண்டியது. நீண்ட நாள் சேமித்துவைக்க முடியாத நன்கொடை இது.

உபயதாரர் இல்லாத அஞ்சலட்டை

இந்த ஆய்வில் என்னை அதிகம் யோசிக்க வைத்த பொருள் ஒரு பதில் அஞ்சலட்டை. 1980-களின் தொடக்கத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தின்கீழ் சென்னை நகரத்துக்கான பதிவேட்டை அடையாறு நிறுவனம் ஏற்று நடத்தத் தொடங்கியது. நோய் கண்டவர்களைப் பதிவதோடு, அவர்கள் என்ன ஆனார்கள் என்று அறியவும் வேண்டியிருந்தது. நோயாளி தானாகவே திரும்ப வந்து காட்டினால் நல்லது. வராவிட்டால் அவர் நன்றாக இருக்கிறார் என்று எழுதிக்கொள்வதா, இறந்துவிட்டார் என்று எழுதிக்கொள்வதா? இரண்டுமே பொய்யாகப் போகக்கூடும். ஆகவே பதிலுக்குரிய தபால் செலவையும் தானே ஏற்ற அஞ்சலட்டையை வீட்டுக்கு அனுப்புவார்கள். பதில் வராவிட்டால் ஆள் நேரில் போய் விசாரிப்பார். தொலைபேசி பரவிய பிறகு அதுவும் சேர்ந்தது.

நினைத்துப் பார்த்தால் இது கொஞ்சம் கூச்சமான வேலை. வீடு மாறியிருக்கும், தெருவின் பெயர் மாறியிருக்கும், கதவைத் திறக்கும் மருமகள், மாமியாருக்கு வந்த நோயைப் பற்றி அண்டை வீட்டார் காதில் விழும்படி பேச விரும்பமாட்டார். அப்படியும் போய்ச் சேகரித்த விவரத்திலிருந்துதான் சென்னையில் இன்ன புற்றுநோய் வந்தவரில் இத்தனை பேர் ஐந்து ஆண்டு உயிரோடு இருந்தார்கள் என்ற கணக்கை எழுத முடிந்தது. எந்தச் சிகிச்சை வேலை செய்கிறது, எந்த நோயில் மக்கள் தாமதமாக வருகிறார்கள், எங்கே விழிப்புணர்வு முகாம் போட வேண்டும் என்பதெல்லாம் அந்தக் கணக்கிலிருந்து பிறப்பவை.

அந்த அஞ்சலட்டையில் உபயதாரர் பெயர் எழுத இடமில்லை. விசாரிக்கப் போகிறவரின் பேருந்துச் செலவை ஏற்க யாரும் விழா எடுக்கமாட்டார். பதிவேட்டுக்கு ஆராய்ச்சிக் கழகத்தின் உதவி உண்டு என்றாலும், இதுபோன்ற வேலையை விடாமல் ஓட்டிச்செல்லும் பழக்கம் ஒரு நிறுவனத்துக்கு வருவதற்கு, எந்தத் தலைப்பிலும் அடங்காத கொஞ்சம் பணம் கையில் இருக்க வேண்டும். 1949-ன் மாதர் சங்க நிதி அப்படிப்பட்ட பணம். புற்றுநோய் நிவாரணம் என்பதைத் தவிர அதன்மேல் வேறு நிபந்தனை இல்லை. அதனால்தான் அது ஒரு நாள் செங்கல்லாகவும், ஒரு நாள் சம்பளமாகவும், ஒரு நாள் சோறாகவும் ஆக முடிந்தது.

மக்கள் பணம் மட்டுமா?

இல்லை. அடையாற்றின் வரலாற்றை முழுக்க முழுக்கத் தர்மப் பணத்தின் கதையாக எழுதுவது நேர்மையாகாது. 1975-ல் மத்திய அரசு அதை மண்டலப் புற்றுநோய் மையமாக ஏற்றுக்கொண்டது. மத்திய, மாநில அரசுகளின் மானியம் அதற்குப் பெரிய தூண். பணம் செலுத்தக்கூடிய நோயாளிகளிடம் கட்டணம் வாங்கி, அந்த வரவைக் கொண்டு செலுத்த இயலாதவரைத் தாங்குவது இன்னொரு தூண். நோயாளிகளில் ஏறக்குறைய 60 விழுக்காட்டினர் இலவசமாகவோ குறைந்த செலவிலோ சிகிச்சை பெறுவதாகச் சொல்லப்படும் நிலை இவை எல்லாம் சேர்ந்ததன் விளைவு. 2005-ல் சாந்தாவுக்கு மக்சேசே விருது கிடைத்தபோது உலகம் பாராட்டியதும் இந்தக் கலவையைத்தான்.

ஆனால் வரிசையைக் கவனிக்க வேண்டும். கோபால்ட் இயந்திரம், குழந்தைகள் பிரிவு ஆகியவை மண்டல மைய அங்கீகாரத்துக்கு முன்பே வந்துவிட்டன. முதலில் மக்கள் பணத்தில் ஒன்று செய்து காட்டப்படுகிறது. அது பிழைத்துக்கொண்ட பிறகு அரசு வந்து தோள் கொடுக்கிறது. துணிந்து தோற்பதற்குரிய உரிமை அரசுப் பணத்துக்குக் குறைவு, ஏனென்றால் தணிக்கை அதிகாரி தோல்வியைச் செலவாகவே பார்ப்பார். மாதர் சங்கத்துக்கு ஐந்து ரூபாய் கொடுத்த பெண்மணி அப்படிப் பார்த்திருக்கமாட்டார்.

கடந்த பதினைந்து ஆண்டுகளில் இந்த வரிசை கலைந்திருக்கிறது. 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும் 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் வந்த பிறகு, ஏழை நோயாளிக்கான அறுவை, கதிர்வீச்சு, மருந்து ஆகியவற்றுக்கு அரசுப் பணம் நேரடியாக மருத்துவமனைக்கு வருகிறது. இது பெரிய மாற்றம். ஒருவர் உயிர் பிழைப்பது இன்னொருவரின் இரக்கத்தைப் பொறுத்திருக்கக் கூடாது என்ற வகையில் நல்ல மாற்றமும்கூட. இன்னொரு பக்கம், 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு 2014 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்து, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்றாக்கியது. மருத்துவமனைகளுக்கு அந்தப் பணம் கணிசமாகவே வருகிறது. ஆனால் நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் அச்சிட ஏற்றது ஒரு புதிய ஸ்கேன் இயந்திரத்தின் படம். தொடர் திட்டம் என்று எடுத்துக்கொண்டாலும், தொடங்கிய நிதியாண்டைத் தவிர்த்து மூன்று ஆண்டுக்குமேல் நீட்ட விதி இடம்தருவதில்லை. ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைக்குச் சிகிச்சையே இரண்டரை ஆண்டு. பின்தொடர்தல் ஐந்து ஆண்டுக்குமேல். திட்டம் முடிந்து நிறைவு விழா நடக்கும்போது குழந்தையின் கணக்கு பாதியில்தான் இருக்கும்.

தனிநபர் கொடை வேறு வகையில் மாறுகிறது. வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவு நன்கொடைக்குத் தந்த வரிச்சலுகைக்காகக் கொடுத்தவர்கள் நம்மிடையே ஏராளம். மார்ச் மாதத்தில் மருத்துவமனை நன்கொடைச் சாளரத்தில் கூட்டம் சேர்ந்ததற்கு அதுவே காரணம். புதிய வரிமுறையைத் தேர்ந்தவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் பழைய முறையிலும் கழிவு கிடையாது. சலுகைக்காகக் கொடுத்தவர் எத்தனை பேர், மனத்தால் கொடுத்தவர் எத்தனை பேர் என்பது இனி வரும் ஆண்டுகளின் ரசீதுப் புத்தகத்தில் தெரிந்துவிடும்.

இன்று அடையாறு போன்ற ஒரு மருத்துவமனைக்கு ஊர் மக்கள் கொடுக்க விரும்பினால் எதற்குக் கொடுப்பது என்ற கேள்வி 1949-ஐவிடச் சிக்கலானது. அன்று எதுவுமே இல்லை. ஆகவே எதைக் கொடுத்தாலும் பொருந்தியது. இன்று காப்பீடு அறுவைக்குப் பணம் தருகிறது, நிறுவனங்கள் இயந்திரம் தருகின்றன, அரசு மானியம் கட்டடம் தருகிறது. இவை மூன்றுக்கும் நடுவே விழுவன சிலவே: காப்பீட்டு அனுமதி வருவதற்கு முந்தைய ஒரு வாரத்தின் பரிசோதனைச் செலவு, நிர்ணயித்த தொகைக்குள் அடங்காத நுண்ணுயிர்க்கொல்லி, துணைக்கு வந்தவரின் மூன்று வேளை உணவு, மறுபரிசோதனைக்கு வராத நோயாளியைத் தொலைபேசியில் அழைத்து, அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று தெரிந்த பிறகு பேருந்து ஏறிப்போய்த் தெருமுனைக் கடையில் விசாரிக்கும் பணியாளரின் மாதச் சம்பளம்.